இல்லாத கேட்டின் சாவி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் தங்கை நலம், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அவள் மகள் எங்கள் எல்லாரையும்விட நலம். உன் அப்பாவின் நலம் மட்டும் இரண்டு அரசாங்கங்களின் பரிசீலனையில் இருக்கிறது. அங்கே நீ நலமா, குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன், நீ எப்படியும் பொய்தான் சொல்லப்போகிறாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு கையைக் காட்டிக் காட்டி என் வாயை அடைத்துவிடுகிறார். அதனால் குழந்தை பிறந்த செய்தி மட்டும் உனக்கு வந்ததே தவிர, உன் தங்கையை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அதற்காக உன் அப்பா என்ன குற்றம் செய்தார், அவர் பென்ஷன் இருக்குமா போகுமா என்பதெல்லாம் வரவில்லை. கடையில் இப்போது கூட்டம் இல்லை, கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, ஊருக்கெல்லாம் மனு அடித்துப் பழகிய கை, உட்கார்ந்து அடித்துவிடுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா படிக்கவே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். படித்தேன். அதிகாரம் ஒரே இடத்தில் குவியாமல் மத்தியிலும் மாநிலத்திலும் பிரிந்து கிடப்பதுதான் குடிமகனுக்குப் பாதுகாப்பு, ஒருவர் அத்துமீறினால் இன்னொருவர் தடுப்பார் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் படித்துவிட்டு, பார்த்தாயா, மத்திய அரசு எவ்வளவு முக்கியம் என்று பையன் எழுதியிருக்கிறான் என்றார். மாடியில் குடியிருக்கிற மாப்பிள்ளை அதையே வாங்கிப் படித்துவிட்டு, மச்சான் மாநில உரிமையை விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கிறார் என்றார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த உன்னால் மட்டும்தான் முடியும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அத்துமீறினால் தடுப்பார்கள், சரி. இரண்டு பேரும் ஒன்றுமே செய்யாமல் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதை யார் தடுப்பது? அதை நீ எழுதவில்லை. உன் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் பாலம் எதுவும் இல்லைபோலிருக்கிறது.

இங்கே இருக்கிறது. நீ கிளம்பிப் போனபோது தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வெறும் தூண்கள் நின்றது ஞாபகம் இருக்கும். தண்டவாளம் மத்திய அரசுடையது, அதனால் அதற்கு மேலே வரும் நடுத்துண்டை ரயில்வே கட்டும். சாலை மாநில அரசுடையது, அதனால் ஏறி இறங்குகிற சரிவுகளைச் சாலைத் துறை கட்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பார். நடுத்துண்டு முதலில் முடிந்தது. ஏறவும் வழியில்லாமல் இறங்கவும் வழியில்லாமல் அந்தரத்தில் நின்ற அந்தத் துண்டை மத்திய அமைச்சர் வந்து திறந்து வைத்தார். கிரேனில் கூண்டு கட்டி அவரைத் தூக்கி மேலே விட்டார்கள், ரிப்பனை வெட்டினார், கீழே நின்ற எங்களுக்குக் கையை ஆட்டினார், அதே கூண்டில் இறங்கிப் போய்விட்டார். அத்தோடு ரயில்வேயைப் பொறுத்தவரை பாலம் முடிந்தது. பாலம் முடிந்தால் கீழே ரயில்வே கேட் எதற்கு? கேட்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கக் கதவுக்கும் சங்கிலி, பூட்டு, ஆள் நுழையாதபடி பக்கத்தில் சுவர், சுவருக்கு மேல் முள்கம்பி. சாலைத் துறையின் சரிவு வந்து சேர அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதை முதலமைச்சர் திறந்தார். அவருக்குத் தனி ரிப்பன், தனிக் கல்வெட்டு, மத்திய அமைச்சருடைய கல்வெட்டைவிட ஒரு முழம் உயரம். நம் பக்கத்துச் சரிவில் அவருடைய கார் கம்பீரமாக ஏறிப்போய் உச்சியில் நின்றுவிட்டது, ஏனென்றால் எதிரே நடுத்துண்டு சுவர் மாதிரி நெஞ்சளவு உயரத்தில் நிற்கிறது. ரயில்வே, தண்டவாளத்தின் மட்டத்திலிருந்து அளந்திருக்கிறது, சாலைத் துறை சாலையின் மட்டத்திலிருந்து அளந்திருக்கிறது. ஒருவர் வரைபடத்தை இன்னொருவர் கேட்கவில்லை, கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம். அந்தப் பக்கத்துச் சரிவு மட்டும் எப்படியோ சரியாகப் பொருந்திவிட்டது. அது எப்படி நடந்தது என்று விசாரிக்க ஒரு குழு போட்டிருப்பதாகக் கேள்வி.

அந்த நெஞ்சளவு இடைவெளி யாருடையது என்பதில்தான் வம்பு. நாங்கள் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டோம், மீதி மாநிலத்தின் பொறுப்பு என்கிறது ரயில்வே. எங்கள் சாலை எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்துவிட்டது, அதற்கு மேல் மத்திய எல்லை என்கிறது சாலைத் துறை. சைக்கிள் கடைக்காரர்தான் பொறுக்க முடியாமல் தன் கடைப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே போட்டார். அதில் ஏறித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் நடுத்துண்டுக்குப் போகிறார்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஏறியிருக்கிறேன், சிரிக்காதே. உடனே அவருக்கு இரண்டு நோட்டீஸ், ஒரே நாளில், ஒன்று மத்தியிலிருந்து, ஒன்று மாநிலத்திலிருந்து, ஆக்கிரமிப்பை அகற்று என்று. இத்தனை வருஷத்தில் இரண்டு அரசாங்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தப் பெஞ்சுதான். அவர் பகலில் எடுப்பதும் அதிகாரி போனதும் போடுவதுமாக இருக்கிறார். இந்த இடைவெளியால் பிழைப்பவள் ஊரிலேயே நான் ஒருத்திதான், ஏனென்றால் பாலத்தைப் பற்றி மனு அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் மத்திக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று இரண்டாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் புது ஜெராக்ஸ் மெஷின் கூட்டாட்சி எனக்குப் போட்ட பிச்சை.

இப்போது சாவிக்கு வருகிறேன். கேட்டை மூடிய அன்றுதான் உன் அப்பா கேட்கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என்பது உனக்குத் தெரியும். பூட்டு போட்டவர் அவர்தான், சாவியும் அவரிடம்தான். அதை ஒப்படைக்க ரயில்வே அலுவலகத்துக்குப் போனார். எந்த கேட் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னார். அப்படி ஒரு கேட்டே இல்லையே, இல்லாத கேட்டுக்குச் சாவி எப்படி வாங்கிக்கொள்வது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனார், மறுபடி அதே பேச்சு. சரி, கதவு நிற்பது சாலையில்தானே என்று சாலைத் துறைக்குப் போனார். ரயில்வே சொத்தை நாங்கள் கையால் தொட மாட்டோம் என்று அவர்கள் நாற்காலியையே பின்னால் நகர்த்திக்கொண்டார்களாம். வேறொரு ஆளாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். உன் அப்பா கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய் போட்டுத் துடைத்து, பிறத்தியார் பொருள் வீட்டில் இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உன் தங்கையின் கல்யாண நகைக்குக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

நம் மாப்பிள்ளை வேறு சாலைத் துறை சர்வேயராகப் போய்த் தொலைந்தாரா, வீடே பாலம் மாதிரி ஆகிவிட்டது. கீழே மத்திய அரசு, மேலே மாநில அரசு. அந்த நெஞ்சளவு உயரத்தை அளந்த ஆட்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்ததும், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அப்பா அதைக் கேட்டுத் தொலைத்துவிட்டார். அதற்கு மாப்பிள்ளை, "மாமா, உங்க ஆளுங்க முதல்ல கட்டிட்டு ஓடிட்டாங்க, நாங்க எதைப் பாத்து அளக்கறது?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், இரண்டு பேரும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தண்ணீர் மோட்டார் போடுங்கள் என்று சொல்ல வேண்டுமென்றால்கூட உன் தங்கை நிறைமாத வயிற்றோடு படி இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவாள். நான் சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கிணற்றில் போட்ட கல்தான். உன் கட்டுரையில் மத்திக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஒரு சபை இருந்து சமரசம் பேசும் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சபைக்கு இப்படித்தான் இடுப்பு ஒடிந்திருக்கும்.

குழந்தை பிறந்த அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தேன், தட்டைக்கூட எடுக்கவில்லை, மாடியிலிருந்து அம்மா என்று ஒரு குரல். ஏறிப்போய்ப் பார்த்தால் குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தரையெல்லாம் ரத்தம். தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், நடக்க விடக் கூடாது, படி ஏற விடக் கூடாது, படுக்க வைத்து உடனே கொண்டு வாருங்கள் என்கிறார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸும் அந்தப் பக்கம். அடுத்த ஊர் வழியாகச் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும் என்றார் டிரைவர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி, நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதன் தண்ணீர்த் தொட்டி தெரியும், போக வழியில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், அவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நினைக்கிறாய்? பாலத்து மேல், அந்த இடைவெளியை எத்தனையாவது தடவையாகவோ அளந்துகொண்டு. டிரைவர் சாப்பிடப் போயிருக்க, துறை ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சொந்த வேலைக்கு ஆபீஸ் பேனாவைக்கூடத் தொடாத பிள்ளை அது. உன் தங்கையை மாடியிலிருந்து தூக்கி இறக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் போவது என்று மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறார். உன் அப்பா உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர் கார் தொண்டை வற்ற ஹாரன் அடித்தபோதும் திறக்காத மனுஷர். நீ பிறக்கிற அன்று நான் வலியோடு வண்டியில் நிற்கிறேன், சரக்கு ரயில் போகட்டும் என்று கேட்டைச் சாத்தியே வைத்திருந்தார், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றும் கேட் வாசலில் இறங்கியவர் நேராகப் பூட்டுக்குப் போகவில்லை, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டார். இவள் இங்கே முனகிக்கொண்டிருக்கிறாள், அவர் அனுமதி கேட்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. "அண்ணே, அங்க கேட்டே இல்லை. இல்லாத கேட்டைத் தொறக்க நான் எப்படி உத்தரவு குடுக்கறது?" உன் அப்பா ஜீப்பை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "சரி தம்பி, பொதுவாக் கேக்கறேன். வானம் எப்படி இருக்கு அந்தப் பக்கம்?" என்றார். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா வெளுப்பா இருக்குண்ணே. இன்னும் அரை மணி நேரத்துக்கு ரெண்டு திசையிலயும் ஒரு மேகம்கூட இல்லை" என்றார் அந்தப் புண்ணியவான். வேலையில் இருந்த காலம் முழுக்க அவரிடம் வானிலை விசாரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பூட்டைத் திறக்கப் போனால் அது சங்கிலியோடு சேர்ந்து ஆடுகிறது. சாவி துவாரத்தில் போகாமல் தட்டித் தட்டி விலகுகிறது. தினமும் எத்தனையோ தரம் திறந்து மூடிய கை, இப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை ஜீப்பிலிருந்து குதித்து ஓடிப்போய்ச் சங்கிலியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். "மாமா, நான் புடிச்சுக்கறேன், நீங்க திருப்புங்க." மாதக்கணக்கில் பேசாத இரண்டு பேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். துருப்பிடித்த கதவுகளை, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மாநில அரசின் ஜீப் மத்திய அரசின் தண்டவாளத்தைக் கடந்தது. மடியில் கிடந்தவள் அந்த நிலைமையிலும், அம்மா, ரெண்டு பேரும் பேசிட்டாங்களா என்று கேட்டாள், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்க்கிறேன், உன் அப்பா எங்களோடு ஏறாமல் தண்டவாளத்துப் பக்கமிருந்தே அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். மகள் சாகக் கிடக்கும்போதும் இரண்டு பக்கத்தையும் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் நம் பக்கத்துச் சரிவில் ஏறி, பெஞ்சு மேல் ஏறி, பாலத்தைக் கடந்து நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்குள் உன் மருமகள் பிறந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

யாரோ ஒரு புண்ணியவதி இதையெல்லாம் பாலத்து மேலிருந்து போனில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டாள். மறு வாரமே ரயில்வேயிலிருந்து ஓலை, சட்டவிரோதமாக கேட்டைத் திறந்ததற்காக உங்கள் பென்ஷனை ஏன் நிறுத்தக் கூடாது என்று. துறை ஜீப்பைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மாடிக்கும் ஒன்று வந்தது. உன் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. வக்கீலைப் பார்க்கலாம் என்றேன், தப்புப் பண்ணினவன் எதுக்கு வக்கீலைப் பாக்கணும் என்றார். ஆமாம் திறந்தேன் என்று தன் கைப்பட எழுதிக்கொண்டு வந்து, அதை நானே அடித்துத் தர வேண்டும் என்று என் கடையில் வரிசையில் வேறு நின்றார். கட்டின புருஷனுடைய வாக்குமூலத்தை அடித்துக் கொடுத்த கொடுமை உலகத்தில் யாருக்கு வாய்க்கும் சொல்.

அப்புறம்தான் வேடிக்கை. வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே போலீஸுக்குப் போனார். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். கேட்டைத் திறந்தார் என்று வழக்குப் போட வேண்டுமென்றால் அங்கே கேட் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேட் இருக்கிறது என்றால் பாலம் முடியவில்லை என்று ஆகும். பாலம் முடியவில்லை என்றால் மத்திய அமைச்சர் கூண்டில் ஏறிப்போய்த் திறந்தது எதை? அதனால் இது சாலை சம்பந்தப்பட்ட விஷயம், மாநிலப் போலீஸுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், பாலம் இருக்கும்போது ஜீப் ஏன் கீழே போனது என்று எழுத வேண்டிவரும், எழுதினால் முதலமைச்சர் திறந்த சரிவில் ஜீப் போகாது என்று ஆகும். அதனால் இது தண்டவாளம் சம்பந்தப்பட்ட விஷயம், ரயில்வேக்குப் போங்கள் என்றார்கள். மாப்பிள்ளையின் விளக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அப்படி ஒரு பயணம் நடக்கவே வழியில்லையாம். உன் அப்பா இரண்டு இடத்துக்கும் நடந்து நடந்து, என்னைத் தண்டியுங்கள் என்று கெஞ்சாத குறைதான். போன வாரம் பென்ஷன் ஓலையையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள், தவறுதலாக அனுப்பப்பட்டதாம். மகனே, உன் தங்கையை நடுவில் போட்டு நசுக்கப் பார்த்த அதே இடைவெளிதான் இப்போது உன் அப்பாவை ஒளித்து வைத்திருக்கிறது. அதிகாரம் பிரிந்து கிடப்பது குடிமகனுக்குப் பாதுகாப்பு என்று நீ எழுதினாய், நான் கிண்டல் பண்ணினேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பேரும் வெட்கப்படும்படி ஏதாவது செய்தால் குடிமகன் தப்பித்துக்கொள்ளலாம், இதையும் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்.

ஆனால் பயம் போகவில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து ஊரில் யாருக்கு அவசரம் என்றாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். நேற்று சைக்கிள் கடைக்காரருக்கு நெஞ்சு வலி. உன் அப்பா வானிலை கேட்டார், மேகம் இல்லை என்றார்கள், மாப்பிள்ளை சங்கிலியைப் பிடித்தார், இவர் திறந்தார், மூடினார், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். இப்போது இந்த ஊரில் ஒரு சர்க்கார் இருக்கிறதென்றால் அது இவர்கள் இரண்டு பேர்தான். ஒன்றும் ஆகாதவரை அது யாருக்கும் சொந்தமில்லாத கேட், என்றைக்காவது ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு அரசாங்கமும் ஓடிவந்து சொந்தம் கொண்டாடும், அன்று உன் அப்பாவுக்கு ஒளிய இடம் இருக்காது. இதை அவரிடமும் சொன்னேன். தெரியும் என்றார், அவ்வளவுதான். அதனால் நீ கொஞ்சம் உருப்படியாக ஒன்று செய், உன் கட்டுரை வந்த பத்திரிகைக்கு இந்தப் பாலத்தைப் பற்றி எழுது, வெளிநாட்டில் அச்சானால்தான் இவர்களுக்கு ரோஷம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள், இருமல் வந்தால் தானாகப் போகும் என்று விட்டுவிடாதே, நல்ல பிள்ளையாக வேளைக்குத் தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு, நூறு பேருக்குப் பாடம் சொல்லு, இந்த வீட்டையும் மறந்துவிடாதே. மருமகளைப் பார்க்க எப்போது வருகிறாய் என்று தேதி போட்டு எழுது. நீ வந்தால் அடுத்த ஊர் வழியாகச் சுற்றாமல் அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து நேராக வந்துவிடலாமே, கேட்டைத் திறப்பீர்களா என்று உன் அப்பாவைக் கேட்டேன். மாட்டாராம். அவசரத்துக்கு மட்டும்தானாம், நீயும் ஊரோடு ஊராகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெஞ்சு வழியாகத்தான் வர வேண்டுமாம். நாலு வருஷமாகப் பார்க்காத பிள்ளை வருவது அவசரம் இல்லையா என்று கேட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா